ஜாம் போத்தல் விளக்கும் லக்சபான வெளிச்சமும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டு வந்தபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "கல்லூரி நினைவுகள் எழுதக் கனபேர் இருக்கினம். நீர் மின் பொறியியலாளர். கறண்டைப் பற்றி எழுதும். பழைய ஆக்களும் வாசிக்க வேணும், இப்ப படிக்கிற பெடியளும் வாசிக்க வேணும்." கேட்பது சுலபம். ஆனால் எங்கட ஊரில் பிறந்த ஒருவனுக்குக் கறண்டின் கதையை எழுதுவதும் தன் கதையை எழுதுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள்க.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் மீண்டும் யுத்தம் தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்சாரம் அந்த ஆண்டுடன் நின்றது. ஆகவே எனக்கு நினைவு தெரிந்த நாளில் எங்கள் வீட்டுச் சுவரில் சுவிச்சுகள் இருந்தன. ஆனால் அவை எதற்கு என்று எனக்குத் தெரியாது. நான் அவற்றை விளையாட்டுச் சாமான் என்றே நினைத்திருந்தேன். மண்ணெண்ணெய்க்குத் தடையும் தட்டுப்பாடும். அரிக்கன் லாம்பு எண்ணெய் குடிக்கும் என்று பரணில் ஏற்றப்பட்டுவிட்டது. அதன் இடத்துக்கு வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மேலே சின்னத் திரி. காற்றுக்கு அணையாது. எண்ணெய் சிந்தாது. இரவு முழுவதும் ஒரு மேசைக் கரண்டி எண்ணெயில் எரியும். யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. காப்புரிமை கேட்டு எவரும் வரவுமில்லை!

அந்த விளக்கைச் சுற்றி நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய கொப்பிக்குத்தான் வெளிச்சத்தில் முதலுரிமை. எனக்குக் கிடைத்தது அவருடைய முழங்கையின் நிழல். செய்தி நேரம் வந்தால் அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். நான் பெடலைக் கையால் சுற்றுவேன். தைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போகும். நான் களைத்துப் போனால் செய்தி வாசிப்பவரும் களைத்துப் போவார். அப்பா "சுத்தடா, சுத்தடா" என்பார். மின்சாரம் என்றால் யாரோ ஒருவர் எங்கேயோ சுற்ற வேண்டும் என்ற பாடத்தை நான் ஏழு வயதில் படித்தது இப்படித்தான்.

பிற்காலத்தில் எமது கல்லூரியில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் ஆசிரியர் இதே பாடத்தை ஒழுங்காகக் கற்பித்தார். அப்போது ஊரில் டீசல் ஜெனரேற்றர் மூலம் சில மணித்தியாலங்கள் கறண்ட் வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு பழைய சைக்கிள் தைனமோவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இதைக் கையால சுத்தினால் எங்கட வீட்டு றேடியோ. தண்ணி சுத்தினால் லக்சபான. நீராவி சுத்தினால் அனல்மின் நிலையம். உள்ளுக்குள்ள இருக்கிறது ஒரே சாமான்தான்." அன்றுதான் நான் பொறியியலாளராக வேண்டும் என்று முடிவு செய்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். உண்மையில் அன்று நான் யோசித்தது, லக்சபானவில் சுற்றுகிறவனுக்குக் கை நோகாதே என்பதைத்தான்.

கொழும்பில் ஏற்றிய விளக்கு

இலங்கையில் மின்சாரத்தின் கதை கொழும்பில் தொடங்குகிறது. 1895 இல் பௌஸ்டட் சகோதரர்கள் என்ற வர்த்தக நிறுவனத்தார் கொழும்பின் கோட்டைப் பகுதிக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கினார்கள். 1899 இல் கொழும்புத் தெருக்களில் மின்சார ட்ராம் ஓடியது. ஆனால் இவை யாவும் துறைமுகத்தையும் வர்த்தக நிலையங்களையும் துரைமார் வீடுகளையும் சுற்றியே நின்றன. எரிபொருளோ கப்பலில் வந்தது. இந்த நாட்டில் நிலக்கரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. அப்படியானால் இந்த நாட்டிடம் இருப்பது என்ன?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர என்ற பொறியியலாளர். 1874 இல் காலியில் பிறந்தவர். பொதுவேலைத் திணைக்களத்தில் பணியாற்றியவர். மலைநாட்டின் ஆறுகளையும் அருவிகளையும் காலால் நடந்து அளந்தவர். 1912 இல் நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுக்க நானுஓயாவுக்கு அருகே பிளாக்பூல் என்ற இடத்தில் அமைந்த சிறிய நீர்மின் நிலையம் அவருடைய முயற்சியே. 1918 இல் அவர் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். களனி கங்கையின் கிளைகளான மஸ்கெலியா ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் மறித்தால் நாட்டின் புகையிரதத்தையும் தொழிற்சாலைகளையும் ஓட்டலாம் என்பது அதன் சாரம்.

இந்த இடத்தில் மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பழைய லக்சபான மின்நிலையத்துக்குக் குழாய்களினூடாகத் தண்ணீர் விழும் உயரம் ஏறத்தாழ 450 மீற்றர். ஒரு கன மீற்றர் தண்ணீரின் திணிவு 1,000 கிலோகிராம். அது 450 மீற்றர் விழும்போது இழக்கும் அழுத்த சக்தி, mgh என்று நீங்கள் படிப்பதுதான், ஏறத்தாழ 44 இலட்சம் யூல். சுழலியிலும் பிறப்பாக்கியிலும் வீணாவது போக, கிட்டத்தட்ட ஒரு கிலோவாற்று மணித்தியாலம் மிஞ்சும். அதாவது எங்கள் வீட்டு பில்லில் வரும் ஒரு யுனிற். எங்கள் சைக்கிள் தைனமோ 3 வாற்று. அதே ஒரு யுனிற்றுக்கு நான் 333 மணித்தியாலம், அதாவது சோறு தண்ணீர் நித்திரை இல்லாமல் பதினான்கு நாள், சுற்ற வேண்டும். மலையில் பெய்த மழை அதை ஒரு கணத்தில் செய்துவிட்டு, பிறகும் தண்ணீராகவே கீழே ஓடிப் போகிறது. விமலசுரேந்திர கண்டது இந்தக் கணக்கைத்தான்.

முப்பத்திரண்டு வருடம்

கணக்கு சரி. ஆனால் காரியம்? லக்சபான வேலை 1920களில் தொடங்கிப் பணமில்லை என்று இடையில் நிறுத்தப்பட்டது. அதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்லி அலுத்துப்போன விமலசுரேந்திர, அரசியலுக்கே போய்ப் பார்ப்போம் என்று 1931 இல் அரசாங்க சபைக்குத் தேர்தலில் நின்று வென்றார். ஒரு பொறியியலாளர் தன் திட்டத்துக்காக வாக்குக் கேட்டுப் போனது எங்கள் நாட்டுச் சரித்திரத்தில் அபூர்வம். அப்படியிருந்தும் லக்சபானவின் முதற் கட்டம், மூன்று இயந்திரங்களுடன் மொத்தம் 25 மெகாவாற்று, ஓடத் தொடங்கியது 1950 இல்தான். 1918 இல் எழுதியது 1950 இல் எரிந்தது. இடையில் 32 வருடம். 1953 இல் அவர் காலமானார். தான் சொன்னது நடந்ததை மூன்று வருடமாவது கண்ணால் கண்டார் என்பதே ஆறுதல்.

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. 1965 இல் அவர் பெயரிலேயே 50 மெகாவாற்று நிலையம் வந்தது. 1969 இல் பொல்பிட்டிய, 1974 இல் புதிய லக்சபான. 1969 நவம்பர் 1 ஆம் திகதி இலங்கை மின்சார சபை உருவாயிற்று. 1977 க்குப் பின் மகாவலித் திட்டம் துரிதப்படுத்தப்பட்டது. பிரித்தானிய உதவியுடன் விக்டோரியா 210 மெகாவாற்று, சுவீடன் உதவியுடன் கொத்மலை 201 மெகாவாற்று, மேற்கு ஜேர்மனி உதவியுடன் ரந்தெனிகல என்று 1980களில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1990களின் நடுப்பகுதி வரை இந்த நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கு தண்ணீரிலிருந்தே வந்தது. சிறிய வறிய நாடு ஒன்றுக்கு இது சின்னச் சாதனையல்ல.

வெளிச்சத்தின் விலை

ஆனால் இந்த வெளிச்சத்துக்கு விலை கொடுத்தவர்களையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிதான். மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயிலின் கட்டடம் மேலே தெரியும். சனம் போய்க் கும்பிட்டு வரும். விக்டோரியாவின் அடியில் பழைய தெல்தெனிய நகரம்.

பேராதனையில் படித்த காலத்தில் எங்களை லக்சபானவுக்குக் கூட்டிச் சென்றார்கள். மலையிலிருந்து இறங்கும் அந்த இராட்சதக் குழாய்களைக் கண்டு வாய் பிளந்து நின்றோம். திரும்பும் வழியில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாகனம் பழுதாகி நின்றது. பக்கத்து லயத்தில் தண்ணீர் கேட்டோம். உள்ளே குப்பி விளக்கு எரிந்தது. "இன்னும் லைற் வரேல்லையோ அம்மா?" என்று நான் கேட்டேன். அந்த அம்மா வெளியே வந்து மேலே கையைக் காட்டினார். "அந்தா போகுது பாருங்க தம்பி. எங்க தலைக்கு மேலதான் போகுது. எங்களுக்குத்தான் எறங்கல." உயர் அழுத்தக் கம்பி நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. அவருடைய கணவரின் தகப்பனார் அந்த அணைக்கட்டு வேலையில் கல் சுமந்தவராம். 132 கிலோவோல்ற்றுக் கம்பியிலிருந்து ஒரு வீட்டுக்கு நேரே இணைப்புக் கொடுக்க முடியாது, உபநிலையம் வேண்டும், மின்மாற்றி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதினால் புள்ளியும் கிடைக்கும். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் வளர்ந்தவன் நான். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

இதையும் சொல்ல வேண்டும்: 2016 அளவில் இந்த நாட்டில் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்புக் கிடைத்துவிட்டது. அயலிலுள்ள பெரிய நாடுகளே அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் வந்திருக்கவில்லை. கம்பி இழுத்த தொழிலாளர்களுக்கும் கம்பத்தில் ஏறிய லைன்மன்மாருக்கும் இந்தப் பெருமை உரியது.

மழை பொய்த்தபோது

தண்ணீரை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதை 1996 ஆம் ஆண்டு வரட்சி காட்டியது. நீர்த்தேக்கங்கள் வற்ற, தென்பகுதியிலும் மணித்தியாலக்கணக்கில் மின்வெட்டு. நாங்கள் அப்போது இடம்பெயர்ந்து திரும்பி வந்திருந்தோம். "அங்கையும் இருட்டாம்" என்று கேட்டதும் ஊரில் சிலர் சிரித்தார்கள். அம்மம்மா மட்டும், "அங்கையும் பிள்ளையள் படிக்கிறதுகள் தானே" என்றார்.

பொறியியலாளர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். மழைக்கு மாற்றாக நிலக்கரி மின்நிலையம் வேண்டும் என்ற யோசனை 1980களிலேயே இருந்தது. திருகோணமலையா, வேறிடமா என்று இடம் மாறி, எதிர்ப்புகள் வந்து, அரசாங்கங்கள் மாறி, கடைசியில் நுரைச்சோலையில் 2006 இல் தொடங்கி, முதல் 300 மெகாவாற்று 2011 இலும் முழு 900 மெகாவாற்று 2014 இலும் வந்தது. நிலக்கரியின் தூசும் சாம்பலும் அந்த ஊர்ச் சனங்களுக்குப் பிரச்சினைதான். அவர்களுடைய எதிர்ப்பில் நியாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். நான் சொல்ல வருவது வேறு. "வேண்டாம்" என்றும் முடிவெடுக்கவில்லை, "வேண்டும்" என்றும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்காத அந்த இருபது வருடமும் நாடு சும்மா இருக்கவில்லை. தட்டுப்பாட்டைச் சமாளிக்க டீசலையும் உலை எண்ணெயையும் எரித்தது. ஒரு லீற்றர் டீசலில் நல்ல இயந்திரம் நான்கு யுனிற் அளவில்தான் தரும். அந்த லீற்றர் ஒவ்வொன்றும் டொலரில் வந்தது. இது இரண்டாவது "முப்பத்திரண்டு வருடம்" என்றே நான் எண்ணுகிறேன்.

எங்கள் குடாநாட்டில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. சுன்னாகத்து டீசல் இயந்திரங்களும் தெற்கிலிருந்து வந்த கம்பியும்தான் கதி. யுத்தத்தில் அறுந்த கம்பி கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை மீண்டும் வந்து, குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு இணைந்தது 2013 இல். 23 வருடத்துக்குப் பின்! அன்றிரவு எங்கள் தெருவில் ஒருவரும் பட்டாசு கொளுத்தவில்லை. ஏற்கனவே டீசல் கறண்ட் இருந்தபடியால் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. எனக்கு மட்டும், மஸ்கெலியாவில் பெய்த மழை முதல் முறையாக எங்கள் வீட்டு மின்விசிறியைச் சுற்றுகிறது என்று தோன்றியது.

இரண்டாவது இருட்டு

2022 ஆம் ஆண்டு பங்குனி மாதம். நான் குடும்பத்துடன் கொழும்பில். நாட்டிடம் டொலர் இல்லை. டொலர் இல்லாததால் எண்ணெய் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. மாத முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. யுத்தம் இல்லை, தடை இல்லை, கம்பிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. இயந்திரங்களும் இருந்தன. அவற்றுக்குக் கொடுக்கத்தான் ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து வயது மகள் இருட்டில் சுவிச்சை மேலும் கீழுமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்கள் கறண்ட் எஞ்சினியர் தானே?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை.

ஊருக்கு அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துப் புலம்பினேன். அம்மா அமைதியாகச் சொன்னார்: "உங்களுக்குத்தான் மோனை இது புதினம். நாங்கள் ஆறு வருசம் இருந்தனாங்கள். குசினித் தட்டில பழைய ஜாம் போத்தல் கிடக்கு, பஞ்சும் வைச்சிருக்கிறன்." முப்பது வருடமாக அதை எறியாமல் வைத்திருந்திருக்கிறார். அம்மாவின் முன்யோசனை என்று முதலில் பெருமையாக இருந்தது. பிறகு, இந்த நாட்டின் மின்சாரத்தில் ஒரு தாய்க்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதானா என்று யோசித்தபோது, அந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவன் என்ற வகையில் வெட்கமாகவும் இருந்தது.

குரங்கும் சூரியனும்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை நாடு முழுவதும் மின்சாரம் போயிற்று. பாணந்துறை கிரிட் உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்சாரக் கருவியில் பட்டதே தொடக்கம் என்றார்கள். சனம் சிரித்தது. பத்திரிகைகளில் கேலிச் சித்திரம் வந்தது. ஆனால் நண்பர்களே, குரங்கு எந்த நாட்டிலும் கம்பியில் ஏறும். அதனால் ஒரு நாடு முழுவதும் ஏன் அணைய வேண்டும் என்பதே கேள்வி.

விடை இதுதான். மின்வலையமைப்பு வினாடிக்கு 50 தடவை துடிக்கும் ஓர் உடம்பு. பெரிய சுழலிகளின் பாரமான சுழற்சிதான் அந்தத் துடிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. கவிழ்த்து வைத்த சைக்கிள் சில்லு, கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றுமே, அதுபோல. அன்று ஞாயிறு. தொழிற்சாலைகள் இல்லை, தேவை குறைவு. நல்ல வெயில். கூரைகளில் உள்ள சூரியத் தகடுகள் அள்ளிக் கொடுத்தன. ஆகவே பாரமான சுழலிகள் குறைவாகவே ஓடின. ஒரு தட்டுத் தட்டியதும் துடிப்புக் குலைந்தது. பாதுகாப்புக் கருவிகள் தம்மைக் காப்பாற்ற ஒவ்வொன்றாக விலகின. நுரைச்சோலையும் விலகியது. அயல் நாட்டுடன் இணைப்பும் இல்லாத தீவு இது. தாங்கிப் பிடிக்க யாருமில்லை.

சூரியத் தகடு பிழையா? இல்லவே இல்லை. டொலர் கேட்காத எரிபொருள் அது ஒன்றுதான். அதனுடன் காற்று. மன்னாரில் 2020 இல் திறக்கப்பட்ட காற்றாலைப் பண்ணை 100 மெகாவாற்றுக்கு மேல் தரக்கூடியது. லக்சபானவின் முதற் கட்டத்தைப் போல் நான்கு மடங்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரியனும் காற்றும் சேர்ந்த மின்சாரம் அமைக்க 2022 இல் இந்திய நன்கொடையில் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஆறில்லாத எங்கள் மண்ணில் வெயிலும் சோளகமும் வாடையும் தாராளம். ஆனால் மின்கலத் தொகுதிகள், வலையமைப்பின் கட்டுப்பாடு, கம்பிகள் ஆகியவற்றையும் அதே வேகத்தில் அமைக்காவிட்டால், வெயில் கூடிய நாளில்தான் விளக்கு அணையும். இதுவும் யாரும் அறியாத விஷயமல்ல. உலகம் முழுவதும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததற்கும் எரிவதற்கும் இடையில் எத்தனை வருடம் விடப்போகிறோம் என்பதே கேள்வி.

மாணவர்களுக்கு

அன்பான தம்பிமாரே, நான் வரலாற்றாசிரியன் அல்ல. ஆனால் இந்த நூற்றுச் சொச்ச வருடக் கதையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தெரிகிறது. இந்த நாட்டில் அறிவுக்கு ஒருபோதும் பஞ்சம் இருக்கவில்லை. 1918 இலும் கணக்குத் தெரிந்தவர் இருந்தார். 1980களிலும் இருந்தார்கள். பஞ்சம் இருந்தது காலத்தில் முடிவெடுப்பதற்குத்தான். முடிவெடுக்காமல் இருப்பதற்குச் செலவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த பில் பிறகு வரும். அதைக் கட்டுவது இருட்டில் படிக்கும் பிள்ளைகள்.

உங்களில் சிலர் பொறியியலாளர்களாக வருவீர்கள். கணக்கைச் சரியாகச் செய்யுங்கள். அதோடு நில்லாதீர்கள். அதை மற்றவர்களுக்கு விளங்கும்படி சொல்லவும் பழகுங்கள். விமலசுரேந்திர மலையேறியது ஒரு பாதி, சபையேறியது மறுபாதி. வேறு சிலர் அதிகாரிகளாக, அரசியல்வாதிகளாக, பத்திரிகையாளராக வருவீர்கள். ஒரு பொறியியலாளர் கடதாசியோடு வாசலில் வந்து நின்றால் இருத்திவைத்துக் கேளுங்கள். கம்பி யாருடைய தலைக்கு மேலால் போகிறது, யாருக்கு இறங்கவில்லை என்றும் கேளுங்கள்.

கடந்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவின் குசினித் தட்டைப் பார்த்தேன். ஜாம் போத்தல் அங்கேயே இருக்கிறது. "இனி எறியலாம் தானே அம்மா" என்றேன். அம்மா அதை வாங்கித் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"நீங்கள் உங்கட வேலையைச் செய்யுங்கோ. அது இருந்த இடத்தில கிடக்கட்டும்."

அதை எறியும் நாளைக் கொண்டு வருவது எங்கள் பொறுப்பு. கல்லூரி அன்னை வாழ்க!